சந்திரதாலுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது?

இமாச்சலம் போய் வந்ததிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கும் பெண்கள் முதல் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடக்க வருகிறவர்கள் வரை கேட்பது ஒரே கேள்வி: "சந்திரதால் ஏரியை ஒரே நாளில் பார்த்துட்டுத் திரும்ப முடியுமா?" முடியும். நாங்கள் போய்த் திரும்பினோம். ஆனால் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், முந்தின இரவு எங்கே தூங்கினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. மணாலியில் ஒரு டிராவல்ஸ்காரர் "காலை ஏழு மணிக்கு வண்டி, இரவு சாப்பாட்டுக்கு ஓட்டல்" என்று அட்டையில் அச்சடித்தே வைத்திருந்தார். அந்த ஏழு மணியை நம்பிப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கிலோமீட்டர் கணக்கை மறந்துவிடுங்கள். மணாலியிலிருந்து லாஹௌல் பள்ளத்தாக்குக்குள் நுழைவது இப்போது சுலபம். 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கம் 2020 அக்டோபரில் திறந்ததிலிருந்து, 3,978 மீட்டர் உயர ரோத்தாங் கணவாயை ஏறி இறங்கும் வேலை இல்லை. ரோத்தாங் போக பெர்மிட் வாங்க வேண்டும், சுரங்கத்துக்கு வேண்டாம். இந்தப் பக்கம் தேவதாரு மரமும் ஈரமும். அந்தப் பக்கம் வெளியே வந்தால் மொட்டைப் பாறை, தூசி, கண்ணைக் கூசும் வெயில். மழை மேகத்தைப் பீர் பாஞ்சால் மலைத்தொடர் மணாலிப் பக்கமே தடுத்துவிடுகிறது. சந்திரா ஆற்றின் ஓரமாக சிசு, கோக்சர் என்று ஊர்கள். கோக்சரைத் தாண்டி கிராம்பூ என்ற இடத்தில் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகும் சாலை பிரிகிறது. அங்கிருந்து படல் என்ற இடம் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர், கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. எங்களுக்கு அதற்கு மூன்றரை மணி நேரம் பிடித்தது. அதுவும் கைதேர்ந்த டிரைவர், வானம் வெளுத்திருந்த நாள். பெயர் என்னவோ தேசிய நெடுஞ்சாலை 505. எல்லைச் சாலைகள் அமைப்பு அகலப்படுத்திக்கொண்டிருக்கிறது என்றார்கள். நாங்கள் போனபோது பாதிக்கு மேல் உருளைக்கல்தான், நடுநடுவே ஓடை. படலிலிருந்து ஏரிக்குப் பிரியும் கடைசி 14 கிலோமீட்டர் ஒற்றை வண்டிப் பாதை. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயே ஆகவேண்டும்.

இனி தூக்கத்தைப் பற்றி. நான் நர்ஸ் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

நாம் கடல்மட்டத்து ஆட்கள். நமக்குப் பழகிய மலை ஏற்காடும் ஊட்டியும். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். சிசுவில் உருளைக்கிழங்கு வயலில் குனிந்து வேலை செய்கிற அம்மா அதைவிட ஏறக்குறைய அரை கிலோமீட்டர் மேலே நிற்கிறார். சந்திரதால் இருப்பது சுமார் 4,300 மீட்டரில். அங்கே ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், தேவனாம்பட்டினம் கடற்கரையில் கிடைப்பதில் 60 சதவீதம் அளவுதான். டெல்லியிலிருந்து இரவு பஸ் ஏறி, காலையில் மணாலியில் இறங்கி, மறுநாளே ஏரிக்குப் போவதாகத் திட்டம் போட்டால் உடம்புக்கு அவகாசமே இல்லை. மணாலியில் குறைந்தது இரண்டு இரவு, பிறகு சிசுவிலோ கேலாங்கிலோ ஒரு இரவு தூங்கிவிட்டுப் போங்கள். அந்த இரு ஊர்களும் 3,100 மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கின்றன. சிசுவிலிருந்து கிளம்பினால் சுரங்க நேரமும் மிச்சம்.

உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் இந்தப் பாதையில் இறங்குவது எப்படி? ஏரிக்கரையில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால் கோக்சர் பக்கம் திரும்ப நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எதிர்த்திசையில், ஸ்பிதியில் இருக்கும் காசா ஊருக்குப் போகலாம் என்றால் 4,500 மீட்டருக்கு மேல் இருக்கிற குன்சும் கணவாயை ஏறியாக வேண்டும், அதாவது முடியாதவரை இன்னும் மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாங்கள் போனபோது கோக்சர் தாண்டினால் போனில் சிக்னலும் இல்லை. ஆகவே உடம்பை முன்கூட்டியே பழக்குவது ஒன்றுதான் வழி. மேலே போய்ப் பார்த்துவிட்டுத் தூங்குவதற்குக் கீழே வந்துவிடுவதால், ஏரிக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் முகாம்களில் கூடாரத்தில் தங்குவதைவிடப் பகல் பயணம் உடம்புக்குச் சுமை குறைவு. இது பகல் பயணத்துக்குச் சாதகமான விஷயம்.

எங்களோடு வந்த சித்தப்பாவுக்கு, எங்க வீட்டுக்காரரின் சித்தப்பா, சிசுவில் முதல் இரவே தலைவலி. ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றார். பந்தி முடியும்வரை எழுந்திருக்காத மனிதர் அவர். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினால் 84 காட்டியது. இரண்டு கையையும் சூடாகத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினேன், 88 வந்தது. குளிர்ந்த விரலில் அந்தக் கருவி தப்பாகக் காட்டும், அதைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. அந்த உயரத்தில் 88 என்பதும் பெரிய விஷயமில்லை. ஆனால் எண்ணைவிட ஆளைப் பார்க்க வேண்டும். தலைவலியோடு சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் அதற்கு மேல் ஏறக் கூடாது, அவ்வளவுதான். வராந்தாவில் ஒரு கோடு காட்டி, குதிகாலை முன்விரலில் ஒட்டி ஒட்டி நடக்கச் சொன்னேன். ஒழுங்காக நடந்தார். தள்ளாடியிருந்தால் அன்றைக்கு இரவே மணாலிக்கு இறக்கியிருப்பேன்.

"சித்தப்பா, நீங்க நாளைக்கு இங்கேயே இருங்க. எதிரே அருவியைப் பார்த்துட்டு, வெயில்ல நிதானமா உட்காருங்க."

"இவ்ளோ தூரம் வந்துட்டு, ஏரியப் பார்க்காம வீட்டுக்குப் போயி என்னாம்மா சொல்றது?"

காலையில் நாங்கள் கிளம்பும்போது போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்திருந்தார். கோபம்தான். இருக்கட்டும்.

மலைநோய் வராமல் இருக்கப் போடும் டயாமாக்ஸ் மாத்திரை பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது. விரல் நுனி மரமரப்பாக இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். அதைப் போட்டுக்கொண்டால் படிப்படியாக ஏற வேண்டியதில்லை என்று அர்த்தமில்லை. பிரஷர், சுகர் இருக்கிறவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

நாங்கள் போனது ஜூனில். காரணம், எங்க வீட்டுக்காரரின் நண்பர், தேவனாம்பட்டினத்தில் படகு வைத்திருக்கும் அண்ணன், குடும்பத்தோடு வருவதென்றால் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் முடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஏப்ரலிலும் மே மாதப் பெரும்பகுதியிலும் அந்தப் பாதை பனிக்குள் கிடக்கும், ஆகவே மே விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சந்திரதால் என்று யாரும் திட்டம் போடாதீர்கள். அந்த ஆண்டு பாதை சீக்கிரம் திறந்திருந்தது எங்கள் நல்ல நேரம்.

வண்டி பழைய டாடா சுமோ. டிரைவர் லாஹௌல்காரர், அந்தப் பாதையிலேயே ஓட்டி வளர்ந்தவர். என் தம்பிக்கு புனேயில் வேலை பார்த்த இந்தி இருந்ததால் பேச்சு ஓடியது. பையா (இந்தியில் அண்ணன், டிரைவரை அப்படித்தான் கூப்பிட்டோம்) சொன்ன நேரம் அதிகாலை நாலு. "ஏழுக்குக் கிளம்பினால் என்ன?" என்று தம்பி கேட்டதற்கு அவர் சொன்ன பதில் ஒற்றைச் சொல்: "பானி." தண்ணீர். முந்தின நாள் மாலையே தாண்டி என்ற ஊருக்குப் போய் டீசல் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். கிராம்பூவிலிருந்து அந்தப் பக்கம் காசா வரை பங்க் கிடையாது.

கிராம்பூவில் வெளிச்சம் வந்துவிட்டது. சத்ரு என்ற இடத்தைத் தாண்டி இரண்டாவதோ மூன்றாவதோ ஓடை. அங்கே அவற்றை நாளா என்கிறார்கள். மேலே பனியாற்றிலிருந்து செங்குத்தாக இறங்கி, சாலையின் மேலேயே ஓடி, கீழே சந்திராவில் விழுகிறது. பாலம் இல்லை. பையா வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்த் தண்ணீரைப் பார்த்தார். படகுக்கார அண்ணனும் பின்னாலேயே இறங்கினார். குளிரில் எங்களுக்குப் பல் தந்தியடிக்கிறது, அவர் குந்தி உட்கார்ந்து ஒரு பாறையைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

"தங்கச்சி, இங்க வந்து பாரு."

கண்ணாடி மாதிரி தண்ணீர், அடிக்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. கணுக்கால் உயரம்தான் ஓடியது. ஆனால் அவர் கை வைத்திருந்த இடம் அதற்கு இரண்டு முழம் மேலே. அங்கே பாறையைச் சுற்றி மெல்லிய சாம்பல் நிறச் சேறு ஒரு கோடாகப் படிந்திருந்தது. விரலால் தொட்டால் மாவு மாதிரி வழுக்கியது, இன்னும் முழுசாகக் காயவில்லை.

"நேத்து அந்தியில தண்ணி இங்க வரைக்கும் நின்னிருக்கு. இப்ப வடிஞ்சு கெடக்கு. அப்ப இன்னிக்கும் ஏறும்ல?"

தம்பி அதை இந்தியில் கேட்டான். பையா அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அதற்கப்புறம் அன்று முழுக்க அண்ணன் முன் சீட்டில், இருவருக்கும் பொதுமொழி இல்லாமலே பேச்சு.

விஷயம் இதுதான். இரவில் மேலே எல்லாம் உறைந்துவிடுகிறது, ஓடை சுருங்குகிறது. வெயில் ஏறினால் பனி உருகுகிறது. உருகிய தண்ணீர் சாலைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். எனவே வெயில் உச்சியில் இருக்கும் பன்னிரண்டு மணியைவிடப் பிற்பகல் மூன்றிலிருந்து மாலைவரைதான் தண்ணீர் உச்சம். போகும்போது எல்லா ஓடையும் சாதுவாக இருக்கும், அதை நம்பி ஏமாறக் கூடாது. பகல் பயணம் என்றால் அதே ஓடைகளைத் திரும்பவும் கடக்க வேண்டும், அதுவும் அவை பெருகும் நேரத்தில். ஏழு மணிக்கு மணாலியில் கிளம்புகிறவர் ஏரிக்குப் போய்ச் சேரவே ஒன்று, ஒன்றரை ஆகிவிடும். திரும்பும்போது நாலு மணித் தண்ணீர் அவருக்காகக் காத்திருக்கும். போய்ச் சேரும் நேரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள். சத்ருவைத் திரும்பித் தாண்டும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள், பிற்பகல் இரண்டரைக்குள் என்று வையுங்கள், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கிளம்பும் நேரம் அதிகாலை நாலு மணி என்று தானாக வரும்.

படலில் கல் சுவரும் தார்ப்பாய்க் கூரையுமாக தாபா. ராஜ்மா சாதமும் டீயும். சாதம் நன்றாகவே வெந்திருந்தது, குக்கரில் வைக்கிறார்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பானையில் வைத்தால் அரிசி நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருக்கும். நான் கொண்டுபோன தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் மெழுகாகி, குச்சி விட்டுக் கிண்ட வேண்டியிருந்தது. உதடு வெடிக்காமல் இருக்க அதுதான் உதவியது.

ஏரிக்கு ஒரு கிலோமீட்டருக்கு முன்பே வண்டியை நிறுத்திவிட வேண்டும். சாதாரண நாளில் பத்து நிமிட நடை. எங்களுக்கு அரை மணி ஆனது. வேகமாக நடக்கிறவர்களெல்லாம் பாதியில் உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச மூச்சு போதவில்லை என்றால் நின்றுவிடுங்கள். ஏரியைப் பற்றி நான் வர்ணிக்கப் போவதில்லை, படத்தில் பார்த்த நீலம் பொய்யில்லை என்பது போதும். கரையில் பழைய பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது. தண்ணீரில் இறங்கக் கூடாது, கரையில் கூடாரம் போடக் கூடாது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2005இலேயே சேர்ந்த இடம் இது. நம் மாவட்டத்துப் பிச்சாவரம் 2022இல் அந்தப் பட்டியலுக்கு வந்தது. பிச்சாவரத்தில் சிப்ஸ் பாக்கெட்டை வீசுகிற கை இங்கே மட்டும் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. அண்ணி ஒரு பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து வண்டியில் போட்டார்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சிறுநீர் கழிக்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்களை வழியெல்லாம் பார்த்தேன். ரொம்பத் தப்பு. வறண்ட காற்றில் மூச்சு வாங்கியே உடம்பில் நீர் போய்விடும், தலைவலி வந்தால் மலைநோயா தாகமா என்றே பிரித்துச் சொல்ல முடியாது. சத்ருவிலும் படலிலும் தாபா உண்டு, நடுவில் பாறை மறைவுதான். முழங்காலுக்குக் கீழே வரை தொங்குகிற தளர்வான குர்தா போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஒரு குடையும் துப்பட்டாவும் மீதியைத் தீர்க்கும். டிரைவரிடம் கூச்சப்படாமல் நிறுத்தச் சொல்லுங்கள், அவர்களுக்கு இது பழக்கம். உடையைப் பொறுத்தவரை, ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் போதாது. காலை நாலு மணிக்கு நடுக்கம், பத்து மணிக்கு வேர்வை. உள்ளே தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதன்மேல் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் என்று கழற்றிப் போடத் தோதாக இருக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி அவசியம், அங்கே வெயில் பனியில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கிறது.

பதினொன்றுக்குப் பையா ஹாரன் அடித்துவிட்டார். இன்னும் பத்து நிமிடம் என்று கெஞ்சியும் பயனில்லை.

ஒன்றரை மணிக்கு அண்ணன் தடவிப் பார்த்த அதே ஓடை. கண்ணாடித் தண்ணீரைக் காணோம். சிமெண்ட் கரைத்துவிட்ட நிறத்தில் பெருகி ஓடியது, அடி தெரியவில்லை. அதைவிட, சத்தம். தண்ணீர்ச் சத்தத்துக்குக் கீழே டொக் டொக் என்று இன்னொரு சத்தம், உள்ளே கற்கள் உருண்டு மோதுகின்றன. அந்தச் சத்தம் கேட்டால் நடந்து கடக்க நினைக்கவே கூடாது, கால் மாட்டினால் எலும்பு போய்விடும். அக்கரையில் ஒரு டெம்போ டிராவலர், உள்ளே போகிற வண்டி, முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. அவர்கள் ஏழு மணிக்கு மணாலியில் கிளம்பியவர்கள். தாழ்ந்த வண்டி இந்தப் பாதைக்கு ஆகவே ஆகாது.

பையா அவசரப்படவில்லை. இரண்டு பக்க டிரைவர்களும் சேர்ந்து சக்கரத்துக்கு அடியில் கல் போட்டு, கயிறு கட்டி, டெம்போவைப் பின்னால் இழுத்தார்கள். முக்கால் மணி நேரம் போனது, அதற்குள் தண்ணீர் இன்னும் நாலு விரல் ஏறியிருந்தது. அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பொலேரோ கடந்து வருவதைப் பார்த்து, அது வந்த தடத்தை மனதில் வைத்துக்கொண்டு, முதல் கியரில், நடுவில் நிற்காமல், ஒரே சீராக விட்டார். ஜன்னலை இறக்கச் சொன்னார். கதவின் கீழ் விளிம்பைத் தண்ணீர் தொட்டது. படகுக்காரர் மனைவி கண்ணை மூடிக்கொண்டார், படகுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். சொந்த வண்டியில் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சக்கரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் என்றால் காத்திருங்கள். அன்று முடியாவிட்டால் மறுநாள் காலை வடிந்துவிடும். வண்டியில் போர்வை, ஒரு வேளைச் சாப்பாடு, டார்ச், ரொக்கப் பணம் இருந்தால் ஓர் இரவு ஒன்றும் செய்யாது.

சிசு வந்து சேர்ந்தபோது ஐந்து மணி. சித்தப்பா வெயிலில் நாற்காலி போட்டு, பட்டாணி உரித்துக்கொண்டு, ஓட்டல்காரப் பாட்டியோடு ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டிருந்தார். தலைவலி போய்விட்டது. ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எந்த மாதம் நல்லது என்றால், தடைக்காலக் கட்டாயம் இல்லாதவர்கள் செப்டம்பரில் போங்கள். பனி பெரும்பாலும் உருகி முடிந்திருக்கும், ஓடைகள் அடங்கியிருக்கும், விடியற்காலைக் குளிர் மட்டும் கூடுதல். ஜூலை, ஆகஸ்டில் மணாலிப் பக்கம் மழையும் மண்சரிவும். 2023 ஜூலையில் திடீர்ப் பனிப்பொழிவில் 250க்கும் மேற்பட்டவர்கள் சந்திரதால் முகாம்களில் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டு, பாதையைச் சுத்தம் செய்துதான் மீட்டார்கள். அக்டோபரில் பனி எப்போது விழுந்து பாதையை மூடும் என்று சொல்ல முடியாது.

அதனால் ஏரிக்குப் போகும் நாளுக்கு அடுத்த நாளைக் காலியாக விடுங்கள். அன்றைக்கு இரவே டெல்லி பஸ், மறுநாள் ரயில் என்று வரிசையாக டிக்கெட் போட்டுவிட்டால், ஓடைக்கரையில் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது, டிரைவரை நச்சரிப்பார்கள். டெல்லியிலிருந்து புதுச்சேரிக்கு நேராக வரும் ரயில் வாரம் ஒருமுறைதான், அதை விட்டால் சென்னை போய் மாற வேண்டும். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.